வாசலுக்கு வந்தவனுக்கெல்லாம் ஒரு கேசட்

பதிவு எழுதி நாலு மாசமாச்சு. ஆய்வறிக்கையோட மூணாவது அத்தியாயத்தை வழிகாட்டி திருப்பித் திருப்பி அனுப்பிட்டிருக்கார், அதான். உயிரோடதான் இருக்கேன் மக்களே. "எங்கேய்யா போனே"ன்னு தனிமடல்ல விசாரிச்ச ரெண்டு பேருக்கும் நன்றி. மீதிப் பேரைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லை :-)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பர்மிங்ஹாம் மூர் ஸ்ட்ரீட்ல ரயில் ஏறி டான்சின்னு ஒரு ஸ்டேஷன்ல இறங்கினேன். ஸ்டேஷன்னா பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. நம்மூர் டவுன் பஸ்ல "ஹோல்டான்"னு கத்தினாதான் வண்டி நிக்கும் பாருங்க, அந்த மாதிரி கார்டுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சாதான் ரயில் நிக்கும். இறங்கினது நான் ஒருத்தன் மட்டும். அங்கேருந்து மேட்டுப் பாதையில அரை மணி நேர நடை. ஊர் பேர் டான்வொர்த் இன் ஆர்டன். ஒரு மாதா கோயில், ஒரு மதுக்கடை, நடுவுல கொஞ்சம் புல்வெளி, சுத்தி வீடுகள். சுத்திப் பார்க்க பத்து நிமிஷம் போதும்.

கோயில் பின்பக்கக் கல்லறைத் தோட்டத்துல ஒரு மரத்தடியில சின்னதா ஒரு கல். நிக் டிரேக்னு ஒரு பாடகர். அவரோட அப்பா அம்மா பேரும் அதே கல்லுலதான். வர்றவங்க கல்லுகிட்ட கிடார் மீட்டற பிளாஸ்டிக் வில்லைகளை வச்சுட்டுப் போறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, மனுஷன் வில்லையே தொடாம வெறும் விரலாலயே வாசிச்சவர். ரசிகனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும். கொண்டு வந்ததை வச்சாதான் மனசு ஆறும். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை பிடிக்குமான்னு கேட்டுட்டா படைக்கிறோம்?

யாருடா இந்த ஆளுன்னு கேக்கறவங்களுக்கு முன்கதைச் சுருக்கம். 1948 ஜூன் 19-ம் தேதி பிறந்தார். எங்கேன்னு நினைக்கிறீங்க? ரங்கூன்ல! அப்பா ராட்னி டிரேக், பாம்பே பர்மா வணிகக் கழகத்துல இன்ஜினியர், தேக்கு மர வியாபாரம் பண்ணின கம்பெனி. அம்மா மாலி. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்போ மாலி தப்பிச்சு இந்தியா வந்து, டில்லியில தங்கச்சி நான்சியோட சேர்ந்து அகில இந்திய வானொலியில பாடியிருக்காங்க. அக்கா கேப்ரியல் பிறந்தது லாகூர்ல. இந்த அக்காவை 1970-ல வந்த 'யுஎஃப்ஓ' தொலைக்காட்சித் தொடர்ல ஊதா நிற விக்கோட பார்த்தவங்க நம்ம பதிவர்கள்ல யாராவது இருந்தா கை தூக்குங்க, உங்க வயசு தெரிஞ்சுரும்.

எனக்கு முதல்ல இந்த ஆள் மேல ஒட்டுதல் வந்ததே ரங்கூன்கிற ஒரு வார்த்தையாலதான். எங்க அம்மாச்சியோட அப்பா ரங்கூன்ல கடைக்கணக்கு எழுதினவர். அதே 42-ல நடந்தே ஊர் வந்து சேர்ந்தவங்கள்ல ஒருத்தர். தேக்குக் கம்பெனி துரைக்கும் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்னா ஒண்ணும் இல்லைதான். ஆனா ரங்கூன்னு கேட்டாலே எங்க வீட்ல எல்லாருக்கும் காது நிமிரும், பழக்கதோஷம்.

1950-களோட ஆரம்பத்துல குடும்பம் இங்கிலாந்து திரும்பி இந்த ஊர்ல ஃபார் லேஸ்னு ஒரு பெரிய வீட்ல குடியேறுது. பையன் கேம்பிரிட்ஜ்ல ஆங்கில இலக்கியம் சேர்றார், படிப்பை முடிக்கலை. (இந்த வரியை எங்க அம்மா படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.) 1969-ல முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்'. அப்புறம் 'பிரைட்டர் லேட்டர்', 1972-ல 'பிங்க் மூன்'. மூணும் விற்கலை. அவர் இருந்த வரைக்கும் எந்த ஆல்பமும் ஐயாயிரம்கூடத் தாண்டலைன்னு சொல்றாங்க. மேடையில பாடக் கூச்சம், பேட்டி கொடுக்கப் பிடிக்காது, அப்புறம் மன அழுத்தம். பெத்தவங்க வீட்டுக்கே திரும்பி வந்துட்டார். 1974 நவம்பர் 25-ம் தேதி அந்த வீட்ல அவரோட அறையிலயே இறந்து கிடந்தார். வயசு 26. தற்கொலைன்னு விசாரணையில எழுதினாங்க. வீட்டுக்காரங்களுக்கு அது முழுசா ஒப்பலை.

பெரியவர் ஆனப்புறம் அவர் நடமாடற மாதிரி ஒரு துண்டுப் படச்சுருள்கூடக் கிடையாது. புகைப்படம், மூணு ஆல்பம், அவ்வளவுதான். இப்படி ஒருத்தர் மேல பித்துப் பிடிச்ச ரசிகன் என்ன பண்ணுவான்? இன்னும் ஏதாவது கிடைக்காதான்னு தேடுவான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அப்பா ராட்னி வீட்ல ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் வச்சிருந்தார். ஆரம்பத்துல அதுல பதிஞ்சது பையனை இல்லை, பொண்டாட்டியை. மாலி பியானோ முன்னாடி உக்காந்து தானே எழுதின பாட்டுகளைப் பாடுவாங்க, அவர் பதிஞ்சு வைப்பார். வெளியிடணும்னு எந்த நோக்கமும் கிடையாது, வீட்டோட இருக்கட்டும்னுதான். பையன் வளர்ந்து கிடார் கத்துக்கிட்டதும் அதே மெஷின்ல அவரும் பதிய ஆரம்பிச்சார். 1967, 68 வாக்குல. கேம்பிரிட்ஜ் போறதுக்கு முன்னாடி சில மாசம் ஃபிரான்ஸ்ல இருந்தப்போ பாடினதும் தனியா ஒரு டேப் இருக்கு.

பையன் போனப்புறம் சில வருஷத்துல, முக்கியமா 1979-ல 'ஃப்ரூட் ட்ரீ'ங்கிற பெட்டித் தொகுப்பு வந்ததுக்கு அப்புறம், ஃபார் லேஸ் வீட்டுக் கதவை யாராவது தட்டறது வழக்கமாச்சு. எங்கெங்கேயோ இருந்து வர்ற இளசுங்க. தோள்ல ஒரு பை, கையில கிடார், மூஞ்சியில ஒரு சோகம். "இது நிக் டிரேக் வீடுங்களா?"

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? செத்துப்போன பையனோட பேரைச் சொல்லிக்கிட்டு முன்பின் தெரியாத ஒருத்தன் வாசல்ல நிக்கிறான். எங்க தெருவா இருந்தா நாயை அவுத்து விட்டிருப்பாங்க. ராட்னியும் மாலியும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. டீ கொடுத்தாங்க. பையன் அறையைக் காட்டினாங்க. அவனைப் பத்திப் பேசினாங்க. போகும்போது ராட்னி அந்த வீட்டு டேப்புகள்ல இருந்து ஒரு கேசட்ல படி எடுத்துக் கையில கொடுத்து அனுப்பினார். காசெல்லாம் கிடையாது.

இந்த இடத்துலதான் நான் சிக்கிக்கிட்டேன். எழுபது வயசுக்கு மேல ஆன ஒரு மனுஷன் சாயங்கால நேரத்துல ஒரு ஸ்பூலை மாட்டி, இன்னொரு பக்கம் வெறும் கேசட்டைப் போட்டு, ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட விட்டு உக்காந்திருக்கார். நம்மள மாதிரி இழுத்துப் போட்டுக் காப்பி பண்ற வேலை இல்லை அது. ஒரு மணி நேரப் பாட்டுக்குப் படி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் பையனோட குரல் அந்த வீட்ல முழுசா ஒரு தடவை ஓடி முடியணும். எத்தனை தடவை கேட்டிருப்பார்? கேக்கறதுக்கு அது ஒரு சாக்கா இருந்திருக்குமோ? என்னோட ஊகம்தான். எனக்கு அப்படித்தான் படுது.

அடுத்து என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கேசட்டுக்குப் படி, படிக்குப் படி, அதுக்கும் ஒரு படி. எவனோ ஒரு புண்ணியவான் அதைக் குறுந்தகடாப் போட்டு ஊர்ப் பேரையே தலைப்பா வச்சு 1990-கள்ல வித்துட்டான். நம்மூர் திருட்டு விசிடி மாதிரிதான், என்ன, அட்டை கொஞ்சம் பளபளப்பு. படி எடுக்க எடுக்க வேகம் முன்னே பின்னே ஆகும், சுருதி கால் கட்டை ஏறும் இறங்கும், நடுவுல இரைச்சல். ஆனாலும் ரசிகனுங்க அதை விழுந்து விழுந்து கேட்டானுங்க. கிடார் வாசிக்கிறவங்களுக்கு இது வேதம். நிக் டிரேக் வழக்கமான சுருதியில தந்திகளைச் சேர்க்க மாட்டார், பாட்டுக்கு ஒரு மாதிரி முறுக்கி வச்சிருப்பார். எந்தத் தந்தி எந்த ஸ்வரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க ஆல்பத்தை விட இந்த டேப்புகள் வசதி. வயலின் கூட்டம் இல்லாம வெறும் கிடார் தெளிவா கேக்கும்.

உண்மையைச் சொல்லணும்னா அந்தப் பாட்டுகள்ல பாதி சுமார்தான். கோச்சுக்காதீங்க. ஜாக்சன் சி. ஃபிராங்க் பாட்டு, பெர்ட் ஜான்ஷ் பாட்டு, டிலன் பாட்டுன்னு அந்தக் காலத்துல கிடார் கத்துக்கற எந்தப் பையனும் வாசிக்கிறதைத்தான் இவரும் வாசிச்சிருக்கார். ஜான்ஷ் பாட்டுன்னா ஜான்ஷ் மாதிரி முறைப்பு, ப்ளூஸ்னா மிசிசிப்பிக்காரன் மாதிரி ஒரு இழுவை. நல்ல பள்ளிக்கூடத்துல படிச்ச வார்விக்‌ஷயர் பையன் மிசிசிப்பி மாதிரி இழுத்தா எப்படி இருக்கும்? ஆர்க்கெஸ்ட்ராவுல எஸ்.பி.பி. குரல்ல ஒருத்தன் பாடுவானே, நல்லாத்தான் இருக்கும், ஆனா அவன் குரல் எதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது, அந்தக் கதை.

திடீர்னு நடுவுல அவரோட சொந்தப் பாட்டு ஒண்ணு வரும். குரல் இறங்கிரும். யார் மாதிரியும் இல்லாம பாடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மீதி சுமார் பாட்டையெல்லாம் பொறுத்துக்கறது. ஆல்பத்துல அவர் ஏற்கனவே நிக் டிரேக் ஆயிட்டார். இந்த டேப்புலதான் ஆகிட்டிருக்கார். 'வே டு ப்ளூ'ன்னு ஒரு பாட்டு. ஆல்பத்துல அதுல கிடாரே கிடையாது. கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பி எழுதின வயலின், செல்லோ கூட்டமும் குரலும் மட்டும்தான். சர்ச்சுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். வீட்டு டேப்புல அதையே தனியாளா பியானோ தட்டிப் பாடியிருக்கார். சர்ச்சு காணாம போயிருது. ஒரு பையன், ஒரு பியானோ, அடுத்த அறையில யாரோ இருக்காங்கங்கிற நினைப்பு. எது பெட்டர்னு கேக்காதீங்க. ஆல்பம்தான் பெட்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் போடறது மத்தது.

2007-ல அக்கா கேப்ரியல் முன்னின்னு இந்த டேப்புகளைச் சுத்தம் பண்ணி 'ஃபேமிலி ட்ரீ'ன்னு அதிகாரபூர்வமா வெளியிட்டாங்க. 28 தடங்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து பாடின பாட்டு ஒண்ணு, அம்மா பாட்டு ரெண்டு, அப்புறம் சித்தி சித்தப்பாவோட நிக் கிளாரினெட் வாசிக்கிற மோட்சார்ட் துணுக்கு ஒண்ணு. ஒரு வீட்டு விசேஷத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்.

அந்தக் குறுந்தகட்டோட புத்தகத்துல கேப்ரியல் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. செத்துப்போன தம்பிக்கு, நேரா, நீன்னு கூப்பிட்டு. இதுவரைக்கும் உன் பேர்ல செஞ்சது எல்லாம் உனக்குச் சம்மதமா இருக்கும்னு நினைச்சுதான் செஞ்சோம், இது ஒண்ணு உனக்குப் பிடிக்காமப் போகலாம்ங்கிற தொனி. கள்ளப் பதிப்பு ஏற்கனவே ஊர் பூரா சுத்துது, கேக்கறதே கேக்கறாங்க, நல்லபடியா கேக்கட்டும்னுதான் வெளியிட்டிருக்காங்க.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சட்டுனு ஒரு மாதிரி ஆயிருச்சு. நானும் அந்தக் கள்ளப் பதிப்பை இறக்கிக் கேட்டவன்தான். ஒரு வாரம் கேக்கவே இல்லை. எட்டாம் நாள் கேட்டேன்.

அந்த ஆளுக்குச் சம்மதமாங்கிற கேள்விக்கு ரசிகர்கள்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி சொல்றது: மூணு ஆல்பம், ஒவ்வொரு ஸ்வரமும் அளந்து வச்சுட்டுப் போன மனுஷன். 'பிங்க் மூன்' மொத்தமும் ரெண்டே ராத்திரியில தனியாளா பாடி முடிச்சவர், ஒரு பியானோ வரியைத் தவிர மேல எதையும் சேர்க்க விடலை. அப்படிப்பட்டவரோட கிறுக்கல் நோட்டைப் பிரிச்சுப் பார்க்கறது அநாகரிகம். இன்னொரு கட்சி: அப்பாவே கொடுத்தாரேய்யா!

நான் ரெண்டாவது கட்சி, ஆனா கொஞ்சம் மனசாட்சி உறுத்தலோட. அப்பா கொடுத்தது வாசலுக்கு வந்தவனுக்கு. முகம் பார்த்து, டீ கொடுத்து, அறையைக் காட்டினப்புறம். வந்தவனும் பஸ் பிடிச்சு, மழையில நனைஞ்சு, கதவு தட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தயங்கி நின்னு வாங்கிட்டுப் போனவன். நான் படுத்துக்கிட்டே இறக்கினேன். பாட்டு ஒண்ணுதான். கொடுத்த விதம் வேற.

2004-ல இன்னொரு விஷயம் நடந்தது. 'மேட் டு லவ் மேஜிக்'னு ஒரு தொகுப்புக்காக 1974-ல அவர் கடைசியாப் பாடின டேப்பை எடுத்திருக்காங்க. நாலு பாட்டுன்னுதான் எல்லாரும் முப்பது வருஷமா நினைச்சிட்டிருந்தாங்க. நாலு முடிஞ்சதும் டேப்பை நிறுத்தாம ஓட விட்டா அஞ்சாவதா ஒரு பாட்டு! 'டோ தி லைன்'. அவர் பதிஞ்ச கடைசிப் பாட்டு அதுதான்னு சொல்றாங்க. முப்பது வருஷமா யாரும் கடைசி வரைக்கும் ஓட விடலை, அவ்வளவுதான்.

போன 2025 ஜூலையில 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' உருவான கதைன்னு நாலு தகடு பெட்டி ஒண்ணு வந்தது. முப்பதுக்கு மேல யாரும் கேக்காத பதிவுகள். அதுல ரெண்டு டேப் முக்கியம். ஒண்ணு, 1968-ல ஸ்டுடியோவுல அவர் முதல் முதலாப் பாடினது. அதைப் பாடகி பெவர்லி மார்ட்டின் பத்திரமா வச்சிருந்திருக்காங்க. இன்னொண்ணு, அதே வருஷம் கேம்பிரிட்ஜ்ல கிர்பியோட அறையில கூடப் படிச்ச ஒருத்தர் பதிஞ்சது. பாட்டுக்கு நடுவுல எந்த இடத்துல என்ன வாத்தியம் வரணும்னு நிக் பேசறதும் இருக்கு. கூச்ச சுபாவி, வாயே திறக்க மாட்டார்னு சொல்லிச் சொல்லி வளர்த்த ஆளு அங்கே நிதானமா, தெளிவா, தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவரா பேசறார். சோக ராசா பட்டத்தை இனிமேலாவது எடுத்துரலாம்னு நினைக்கிறேன். அந்த டேப் ஐம்பது வருஷத்துக்கு மேல ஒருத்தர் வீட்டு டிராயர்ல கிடந்திருக்கு. தூக்கிப் போடாம இருந்தாரே, அவருக்கு ஒரு கும்பிடு.

ஒரு டேப்பைத் தூக்கிப் போடாம இருக்கறது, அது மேல எதையும் பதியாம இருக்கறது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்குத் தெரியும். ஏன்னா நான் பதிஞ்சவன்.

கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க. எங்க அம்மாவோட தம்பி, எங்க சின்ன மாமா, ஊர்ல ஆர்க்கெஸ்ட்ராவுல பாடிட்டிருந்தவர். திருவிழாவுக்குத் திருவிழா மேடை. நான் பிறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1995-ல, பைக் விபத்துல போயிட்டார். வயசு 24. அவர் சொந்தமா மெட்டு போட்டுப் பாடின சில பாட்டை அம்மாச்சி வீட்டு டூ-இன்-ஒன்ல பதிஞ்சு ஒரு கேசட் இருந்தது. அம்மாச்சி அதை வருஷத்துக்கு ஒருவாட்டி, திதி அன்னிக்கு சாயந்திரம், விளக்கேத்திட்டுப் போடும். மத்த நாள்ல பீரோவுல சேலைக்கு அடியில இருக்கும்.

2004 முழுப்பரிட்சை லீவு. எனக்கு ஆறு வயசு. பீரோ திறந்து கிடந்தது, டூ-இன்-ஒன் சும்மா கிடந்தது, சிவப்புப் பொத்தானும் பக்கத்துப் பொத்தானும் சேர்த்து அமுக்கினா நம்ம குரல் வரும்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிக் கொடுத்திருந்தான். பஸ் கண்டக்டர் மாதிரி "சிவகங்கை, மானாமதுரை, பரமக்குடி ஏறு ஏறு"ன்னு நாங்க ரெண்டு பேரும் முக்கால் மணி நேரம் கத்தி ஒரு பக்கம் முழுக்கப் பதிஞ்சு முடிச்சோம்.

அடி விழலை. அதுதான் கஷ்டமே. அம்மா அடிக்க வந்தப்போ அம்மாச்சிதான் குறுக்கே வந்து "புள்ளைக்கு என்னடி தெரியும், விடு"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துக்கிச்சு. சாயந்திரம் வரைக்கும் எந்திரிக்கலை.

எங்க சத்தம் கேசட் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுரும். அதுக்கப்புறம் நாப்பது வினாடி மாமா மிச்சம் இருக்கார். தொண்டையைக் கனைக்கிறார். ஆர்மோனியத்துல ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கிறார். பின்னாடி எங்கேயோ அடுப்படியில இருந்து அம்மாச்சி குரல், "சாப்பிட்டுட்டுப் பாடேன்டா". மாமா சிரிக்கிறார். "இரும்மா" அப்படீன்னு சொல்லிட்டு ஒரு வரி பாடறார், ரெண்டாவது வரி ஆரம்பிக்கும்போது டேப் தீர்ந்துருது. எப்படிப் பாடுவார்னு அந்த ஒண்ணரை வரியை வச்சுதான் எனக்குத் தெரியும். நல்லா பாடுவார்னு நினைக்கிறேன். திதி அன்னிக்கு அம்மாச்சி இப்ப அதைத்தான் போடுது. எங்க கண்டக்டர் கூச்சலையும் முழுசாக் கேட்டுட்டுதான். வேகமா ஓட்டிட்டு வான்னு சொன்னா, டேப்பு அறுந்துருமாம்.

அதனாலதானோ என்னவோ நிக் டிரேக் தொகுப்புகள்ல நான் அதிகம் கேக்கறது இப்பெல்லாம் அவர் பாட்டே இல்லை, அவங்க அம்மா மாலியோட பாட்டு. 2013-ல தனி ஆல்பமாவே வந்தது, எல்லாம் 1950-கள்ல ராட்னி வீட்ல பதிஞ்சது. பையனோட கிடார்ல வர்ற அந்த விநோதமான, எங்கே போகும்னு தெரியாத ஸ்வரக்கூட்டங்கள் எங்கேருந்து வந்துச்சுன்னு ரசிகர்கள் என்னென்னவோ ஆராய்ச்சி பண்ணினாங்க. இந்த அம்மா பியானோவைத் தொட்டதும் பதில் கிடைச்சிருது. அவரைக் கண்டெடுத்த தயாரிப்பாளர் ஜோ பாய்டே இதைத்தான் விட்டுப்போன கண்ணின்னு சொல்லியிருக்கார். அம்மா அடுத்த அறையில பாடிட்டே இருந்திருக்காங்க, பையன் கேட்டுட்டே வளர்ந்திருக்கான். அவங்க 1993-ல போனாங்க, ராட்னி அதுக்கு முன்னாடியே, 1988-ல. தன்னோட பாட்டுக்குத் தனி ஆல்பம் வரும்னு மாலி கனவுலகூட நினைச்சிருக்க மாட்டாங்க. 1999-ல அமெரிக்காவுல வோக்ஸ்வேகன் கார் விளம்பரத்துல 'பிங்க் மூன்' பாட்டைப் போட்டு, பையன் உசுரோட இருந்தப்போ விக்காத தகடெல்லாம் குவிஞ்சு வித்ததையும் அவங்க ரெண்டு பேரும் பார்க்கலை.

டான்வொர்த்ல கோயிலுக்குள்ள போனேன். ஆர்கன் பக்கத்துல நிக் நினைவா சின்னதா ஒரு பித்தளைத் தகடு. உள்ள ஒரு ஈ காக்கா இல்லை. ஃபார் லேஸ் வீட்டைத் தேடிப் போகலை. அங்கே இப்ப வேற யாரோ இருக்காங்க, அவங்களுக்கு என்ன தலையெழுத்து எனக்குக் கதவு திறக்கணும்னு. கல்லறைகிட்ட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, கொண்டு போன தக்காளி சாதத்தைக் காலி பண்ணிட்டு, ரயிலுக்கு நடந்தேன். கையைக் காட்டினாதான் நிக்கும்னு சொல்லியிருந்தாங்க. நான் காட்டின வேகத்துல ஓட்டுநர் பயந்திருப்பார்.

ரயில்ல உக்காந்து அம்மாச்சிக்குப் போன் போட்டேன். மாலி பாட்டு ஒண்ணைப் போட்டுக் காட்டினேன். "யாருடா இது, அழுவுதா பாடுதா"ன்னு கேட்டுச்சு. ரங்கூன்ல இருந்த அம்மா, பையன் சின்ன வயசுலயே போயிட்டான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. "இன்னொருக்கா போடு"ன்னுச்சு. போட்டேன்.

அப்புறம் ரொம்ப நாளா மனசுல இருந்ததைக் கேட்டேன். மாமாவோட அந்த நாப்பது வினாடியைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, இரைச்சலைக் குறைச்சு, இந்தப் பதிவுல போட்டா நீங்கள்லாம் கேப்பீங்க, டேப்பு அறுந்தாலும் பயமில்லைன்னு விளக்கினேன். ராட்னி கதையையும் சொன்னேன். வர்றவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த கதை வரைக்கும் ஒழுங்காக் கேட்டுச்சு.

"கம்ப்யூட்டர்ல ஏத்திக்க, அறுந்தாலும் இருக்கும். ஊருக்கெல்லாம் எதுக்குப் போடறே? கேக்கணும்னு இருக்கறவகளை வீட்டுக்கு வரச்சொல்லு."

ஆக மக்களே, ஒலிக்கோப்பு கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க, கிடைக்காது. சிவகங்கைப் பக்கம் வந்தா சொல்லுங்க, வழி சொல்றேன். முதல்ல முக்கால் மணி நேரம் என்னோட கண்டக்டர் வேலையைக் கேக்க வேண்டியிருக்கும். நடுவுல காப்பி உண்டு.